இயற்கை வளத்தைப் பேணும் விஞ்ஞானக் காட்சிசாலை
ஸான் பிரான்ஸிஸ்கோ நகரக் கட்டிடம் கற்பிக்கும் பாடங்கள்

பாடத்தின் நோக்கம்

இயற்கையின் உண்மைகளை மக்களுக்கு விளக்கிக் காட்டுவது விஞ்ஞானக் காட்சிசாலையின் கடமை. காடுகளைக் காக்க வேண்டும், நீரை வீணாக்கலாகாது, நிலக்கரியும் எண்ணெயும் என்றும் குறையாத செல்வங்கள் அல்ல என்பனவற்றை அது தன் கூடங்களில் படங்களாலும் மாதிரிகளாலும் எடுத்துரைக்கின்றது. அவ்வாறு எடுத்துரைக்கும் கட்டிடமே பகல் முழுவதும் மின்விளக்குகளை எரித்து, இயந்திரங்களால் காற்றைக் குளிரச் செய்து, கூரையில் விழும் மழைநீரைச் சாக்கடையில் விடுமாயின், அதன் சொல்லும் செயலும் ஒன்றுக்கொன்று முரண்படும். பார்க்க வரும் சிறுவன் சுவரிலுள்ள எழுத்தை மறந்துவிடலாம்; தான் நடந்து சென்ற கட்டிடம் எவ்வாறு இயங்கிற்று என்பதை எளிதில் மறவான்.

காட்சிசாலைக் கட்டிடத்தை இயற்கை வளங்களுக்கு ஊறு விளைக்காதவாறு அமைக்க இயலுமா, இயலுமாயின் எம்முறைகளால் என்பதை ஓர் உண்மையான எடுத்துக்காட்டின் வாயிலாக ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம். எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது, அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரின் கோல்டன் கேட் பூங்காவில் 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் திறக்கப்பெற்ற காலிபோர்னியா விஞ்ஞானக் கழகத்தின் கட்டிடமாகும்.

1. காட்சிசாலைக் கட்டிடத்தின் தனிச் சிக்கல்

வீடு, பள்ளி, அலுவலகம் ஆகியவற்றைக் காட்டிலும் காட்சிசாலையை அமைப்பது கடினம். ஒரே கூரையின்கீழ் ஒன்றுக்கொன்று மாறுபட்ட தேவைகள் இருப்பதே இதற்குக் காரணம்.

பாடம் செய்யப்பட்ட பறவைகள், உலர்த்திய செடிகள், பூச்சிகள் முதலிய மாதிரிப் பொருள்களுக்கு வெப்பமும் ஈரமும் ஏறி இறங்காத நிலை வேண்டும். ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் பட்டால் இறகும் உரோமமும் நிறம் வெளுக்கும். பார்வையாளருக்கோ நல்ல வெளிச்சமும் தூய காற்றும் வேண்டும். கோளரங்கத்திற்கு இருள் வேண்டும். மழைக்காட்டு மாதிரிக்கு வெம்மையும் மிகுந்த ஈரமும் வேண்டும். மீன் தொட்டிகளுக்குக் குறித்த வெப்பநிலையில் இரவும் பகலும் ஓடும் நீர் வேண்டும்.

ஸான் பிரான்ஸிஸ்கோ கட்டிடத்தில் இத்தேவைகள் அனைத்தும் ஒருங்கே உள்ளன. ஏறத்தாழ 4,10,000 சதுர அடிப் பரப்புள்ள அக்கட்டிடத்தில் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலை, மீன் காட்சியகம், கோளரங்கம், ஆராய்ச்சிக் கூடங்கள், மாதிரிப் பொருள் சேமிப்பு அறைகள் ஆகியவை ஒரே கூரையின்கீழ் அமைந்துள்ளன. எல்லா அறைகளையும் இயந்திரங்களால் ஒரே நிலையில் வைத்திருப்பது எளிய வழி. ஆனால் மிகுந்த மின்சக்தியை விழுங்கும் வழி. எந்த அறைக்கு இயந்திரம் இன்றியமையாதது, எதற்குக் காற்றும் வெயிலுமே போதும் எனப் பிரித்தறிவதே முதற்படி. மேலே கூறப்போகும் முறைகள் யாவும் இப்பாகுபாட்டிலிருந்தே பிறந்தவை.

2. கழகத்தின் வரலாறு

இக்கழகம் 1853-இல் தோன்றியது. 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் விடியற்காலையில் ஸான் பிரான்ஸிஸ்கோவைப் பெரும் பூகம்பம் தாக்கிற்று. அதனைத் தொடர்ந்து நகரில் தீ பரவியது. அப்போது கழகத்தின் காட்சிசாலை மார்க்கெட் தெருவில் இருந்தது. அதன் பளிங்குப் படிக்கட்டு நொறுங்கிவிட்டது. தாவரவியல் பகுதியின் பொறுப்பாளரான ஆலிஸ் ஈஸ்ட்வுட் என்னும் அம்மையார் நண்பர் ஒருவருடன் படிக்கட்டின் இரும்புக் கைப்பிடிக் கம்பிகளைப் பற்றி ஏறி ஆறாம் மாடியை அடைந்தார். அங்கிருந்த மூலமாதிரிச் செடிகளைக் கட்டுகளாகக் கட்டிக் கயிற்றால் கீழே இறக்கினார். தீ கட்டிடத்தைச் சூழுமுன் அவர் காப்பாற்றியவை 1,497.

ஒரு செடி இனத்திற்கு முதன்முதலாகப் பெயரிட்டு விவரிக்கும்போது சான்றாக வைக்கப்படும் மாதிரியே மூலமாதிரி எனப்படும். அஃது அழிந்தால் அதற்கு ஈடாக மற்றொன்றை வைத்தல் அரிது. பிற மாதிரிகளோடு கலந்து வைத்தல் வழக்கமாயிருந்த அக்காலத்தில், ஈஸ்ட்வுட் அம்மையார் மூலமாதிரிகளைத் தனியே பிரித்து வைத்திருந்தார். அதனாலேயே கிடைத்த சிறு அவகாசத்தில் அவற்றை எடுக்க முடிந்தது. எஞ்சிய சேகரங்களில் பெரும்பகுதியும் கட்டிடமும் தீக்கு இரையாயின. பொருள்களை எவ்வாறு ஒழுங்குபடுத்தி வைக்கின்றோம் என்பதும் கட்டிட அமைப்பின் ஒரு கூறே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

பின்னர்க் கழகம் கோல்டன் கேட் பூங்காவிற்கு இடம் மாறி, 1916-இல் அங்குத் தன் முதற் கூடத்தைத் திறந்தது. 1923-இல் ஸ்டைன்ஹார்ட் மீன் காட்சியகமும், 1952-இல் மாரிஸன் கோளரங்கமும் சேர்ந்தன. இவ்வாறு காலத்திற்கொன்றாகக் கட்டிய பல கட்டிடங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. 1989-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் நிகழ்ந்த லோமா பிரீட்டா பூகம்பம் அவற்றைச் சேதப்படுத்திற்று. தனித்தனியே பழுது பார்ப்பதா, புதிதாக ஒன்றைக் கட்டுவதா என்னும் வினா எழுந்தது. இறுதியில் புதுக் கட்டிடமே எழுப்ப முடிவு செய்யப்பட்டு, இத்தாலியக் கட்டிடக் கலைஞர் ரென்ஸோ பியானோவிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. 2005-இல் தொடங்கிய கட்டிடப் பணி மூன்று ஆண்டுகளில் முற்றுப் பெற்றது.

3. கூரையே பூங்கா

பூங்காவின் ஒரு துண்டை மேலே தூக்கி, அதன்கீழ்க் காட்சிசாலையை நுழைத்தாற்போல் இருக்க வேண்டும் என்பதே பியானோவின் கருத்து. அதன்படி 2.5 ஏக்கர் பரப்பில், அதாவது ஏறத்தாழ ஒரு ஹெக்டேரில், கூரைமீது மண் பரப்பிச் செடிகள் வளர்க்கப்பட்டன. கூரை தட்டையானதன்று. ஏழு குன்றுகள் அதிலிருந்து எழுகின்றன. அவற்றுள் பெரிய இரண்டும், கீழேயுள்ள கோளரங்கம், மழைக்காடு ஆகிய இரு கோளக் கூடங்களின் மேல் அமைந்தவை. கோளக் கூடம் ஒவ்வொன்றும் 90 அடி விட்டமுடையது. குன்றுகளின் சரிவு சில இடங்களில் 60 பாகை வரை செங்குத்தாக உள்ளது.

இத்தகைய சரிவில் மண் எவ்வாறு தங்கும்? இதற்குக் கண்ட தீர்வு நம் நாட்டினருக்கு அயலானதன்று. தேங்காய் நாரால் செய்த தட்டுகளில் மண் நிரப்பிச் செடிகளை வளர்த்து, வேர் பிடித்தபின் அத்தட்டுகளையே கூரையில் அடுக்கினர். இவ்வாறு அடுக்கியவை ஏறத்தாழ 50,000 தட்டுகள். நார் நாளடைவில் மக்கி மண்ணோடு கலந்துவிடும். அதற்குள் வேர்கள் ஒன்றோடொன்று பின்னி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மேலும், கல் நிரப்பிய கம்பிக் கூடைகளை வரப்புகள்போல் குறுக்கும் நெடுக்குமாக இட்டனர். இவை மண் சரியாமல் தாங்குவதோடு, மிகுந்த மழைநீர் வடியும் வாய்க்கால்களாகவும் பயன்படுகின்றன.

கூரையின் அடுக்குகளைக் கீழிருந்து மேலாக நோக்கினால், தாங்கும் சிமெண்டுக் கான்கிரீட்டு, நீர் புகாத படலம், வெப்பத் தடுப்பு, நீர் வடியும் அடுக்கு, மண்ணை வடிகட்டும் துணி, அதன்மேல் சுமார் 6 அங்குல மண் என அமையும். இதன் பாரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. ஒரு சதுர மீட்டரில் 15 சென்டிமீட்டர் ஆழ மண்ணின் கன அளவு 0.15 கன மீட்டர். நீரில் நனைந்த மண், அதன் வகைக்கேற்ப, சதுர மீட்டருக்கு 200 கிலோகிராம் அல்லது அதற்கு மேலும் இருக்கும். சாதாரணக் கூரை இச்சுமையைத் தாங்கும் என்று எவரும் கருதிவிடலாகாது. இருக்கும் கட்டிடத்தின்மேல் மண்ணைப் பரப்புமுன் பொறியாளரின் கணக்கு இன்றியமையாதது.

செடிகளைத் தேர்ந்ததிலும் விஞ்ஞான முறை கையாளப்பட்டது. ஆழமற்ற மண், உப்பு கலந்த கடற்காற்று, மழையற்ற கோடை ஆகியவற்றைத் தாங்க வல்ல நாட்டுச் செடிகளையே தேர்ந்தெடுக்கக் கழகத்தின் தாவரவியலார் முன்கூட்டியே மாதிரித் தட்டுகளில் பல இனங்களை வளர்த்துச் சோதித்தனர். கடற்கரை ஸ்ட்ராபெரி, கடற்கரைகளில் பூக்கும் இளஞ்சிவப்புப் பூச்செடி, நீரைத் தன் தடித்த இலைகளில் தேக்கும் ஸீடம் வகை முதலிய பல்லாண்டுச் செடிகளும், காலிபோர்னியப் பாப்பி, லூபின் முதலிய ஓராண்டுப் பூச்செடிகளும் நடப்பட்டன. மொத்தம் நட்டவை ஏறத்தாழ 17 லட்சம். தேனீக்களுக்கும் வண்ணத்துப் பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் கூரை உறைவிடமாயிற்று.

4. செடிக் கூரை எவ்வாறு குளிர்ச்சி தருகின்றது?

வெயிலில் காயும் தார் அல்லது கான்கிரீட்டுக் கூரை தான் ஏற்ற வெப்பத்தில் பெரும்பகுதியைக் கட்டிடத்தினுள் செலுத்துகின்றது. செடிக் கூரை மூன்று வழிகளில் இதைத் தடுக்கின்றது.

முதலாவது, இலைகள் மண்ணுக்கு நிழல் தருகின்றன. இரண்டாவது, ஈர மண் கனமான பொருளாதலின் மெல்லச் சூடேறி மெல்லக் குளிர்கின்றது. நண்பகலின் கடும் வெப்பம் உடனே உள்ளே இறங்குவதில்லை. மூன்றாவதே மிக முக்கியமானது. இலைகள் வழியாகவும் மண்ணின் மேற்பரப்பிலிருந்தும் நீர் ஆவியாகின்றது. சாதாரண வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம் ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கிற்குச் சமம். மண்பானை நீர் குளிர்வதும் இவ்விதியாலேயே. ஸான் பிரான்ஸிஸ்கோ கட்டிடத்தில் சாதாரணக் கூரை இருந்தால் ஏற்படக்கூடிய வெப்பத்தைவிட உள்ளே ஏறத்தாழ 10 பாரன்ஹீட் டிகிரி குறைவாக இருக்கும் என அமைப்பாளர் கணித்துள்ளனர்.

மழைநீர் குறித்தும் ஒரு கணக்கு உண்டு. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஒரு லட்சம் லிட்டர். ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஆண்டொன்றுக்குப் பொதுவாக 50 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை பெய்கின்றது. எனவே செடிக் கூரைமீது விழுவது ஆண்டிற்கு 50 லட்சம் லிட்டருக்கும் மேல். வெற்றுக் கூரையாயின் இந்நீர் தெருவின் எண்ணெய்க் கசடையும் தூசியையும் அடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் வடிகாலில் பாயும். செடிக் கூரையோ அதில் மிகப் பெரும் பங்கை உறிஞ்சி, எஞ்சியதை மெல்லக் கசியவிடுகின்றது.

5. காற்றோட்டம்

குன்றுகள் அழகுக்காக மட்டும் எழுப்பப்பட்டவை அல்ல. சூடான காற்று இலேசானது. ஆகவே மேலே எழும். குன்றின் உட்புறம் குடைபோல் குவிந்திருப்பதால் அக்காற்று உச்சியில் சேர்கின்றது. உச்சியில் வட்ட வடிவமான கூரைச் சாளரங்கள் உள்ளன. வெப்பம் மிகுந்தபோது அவை தாமாகவே திறக்கும். சூடான காற்று வெளியேற, அதனால் ஏற்படும் குறைவை நிரப்பக் கீழேயுள்ள திறப்புகளின் வழியே குளிர்ந்த காற்று உட்புகும். வெளிக்காற்று குன்றின் முகட்டைக் கடக்கும்போது விரைவு மிகுந்து அழுத்தம் குறைவதால் இவ்வோட்டத்திற்கு மேலும் துணை கிடைக்கின்றது. கூரையின் வளைவுகள் காற்றைக் கட்டிடத்தின் நடுவிலுள்ள முற்றத்தின்பால் செலுத்துகின்றன.

இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். ஸான் பிரான்ஸிஸ்கோவில் கோடையிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 20 சென்டிகிரேட் டிகிரியை ஒட்டியே இருக்கும். பசிபிக் கடலிலிருந்து குளிர்காற்றும் மூடுபனியும் வரும். ஆகவே வெளிக்காற்றை உள்ளே விடுதலே குளிரூட்டலாகின்றது. பொதுக் கூடத்தின் பெரும்பகுதிக்கு இம்முறையே போதுமாகின்றது. மாதிரிப் பொருள் சேமிப்பறைகளை இவ்வாறு திறந்து விட முடியாது. அவை மூடிய அறைகளாக, வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட நிலையிலேயே உள்ளன. இன்றியமையாத இடத்தில் மட்டும் இயந்திரம் என்னும் விதி இங்குத் தெளிவாகின்றது.

குளிர்நாட்களில் வெம்மை தருவதற்குத் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய்கள் பதிக்கப்பட்டுள்ளன. உயர்ந்த கூடத்தின் காற்று முழுவதையும் சூடாக்கினால் அவ்வெப்பம் யாருக்கும் பயன்படாமல் கூரையடியில் சென்று சேரும். தரையைச் சூடாக்கினாலோ மனிதர் நடமாடும் உயரத்திலேயே வெம்மை கிடைக்கும்.

6. வெளிச்சமும் மின்சக்தியும்

கட்டிடத்தின் புறச்சுவர்களில் பெரும்பகுதி கண்ணாடியாலானது. பணியாளர் நாடோறும் தங்கி வேலை செய்யும் இடங்களில் நூற்றுக்கு 90 பங்கிற்குப் பகல் வெளிச்சமும் வெளிக்காட்சியும் கிடைக்கின்றன. வெளிச்சத்தை உணரும் கருவிகள், பகலொளி மிகுந்தபோது மின்விளக்குகளின் ஒளியைத் தாமே குறைத்துவிடும். கூரைச் சாளரங்களின் வழியே வரும் ஒளி மழைக்காட்டுச் செடிகளுக்கும் பவளப்பாறைத் தொட்டிக்கும் பயன்படுகின்றது. கோளரங்கமோ முற்றிலும் மூடப்பட்டுள்ளது.

கூரையின் விளிம்பு சுவர்களுக்கு வெளியே பந்தல்போல் நீண்டு நிழல் தருகின்றது. அக்கண்ணாடிப் பந்தலினுள் ஏறத்தாழ 60,000 சூரிய மின்கலங்கள் பதிக்கப்பட்டுள்ளன. இவை ஆண்டிற்குச் சுமார் 2,13,000 யூனிட் மின்சாரம் தருமெனக் கணிக்கப்பட்டது.

இவ்வளவு மின்சாரமும் கட்டிடத்தின் மொத்தத் தேவையில் குறைந்தது நூற்றுக்கு 5 பங்கு என்றே மதிப்பிடப்பட்டது என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு வற்புறுத்திக் கூறுதல் நலம். மீன் தொட்டிகளின் நீரேற்றும் இயந்திரங்கள் ஓய்வின்றி ஓடவேண்டும். மழைக்காட்டிற்கு வெம்மை வேண்டும். ஆதலின் பெரும்பங்கு மின்சாரம் வெளியிலிருந்தே வருகின்றது. சூரிய மின்கலங்களைப் பதித்துவிட்டால் எல்லாம் நிறைவேறிவிட்டது என்று எண்ணுவது தவறு. தேவையைக் குறைப்பது முதற்பணி. உற்பத்தி செய்வது அதற்கு அடுத்தது. காற்றோட்டம், பகலொளி, வெப்பத் தடுப்பு ஆகியவற்றால் இக்கட்டிடத்தின் மின்சக்திச் செலவு, அங்குள்ள சட்டம் அனுமதிக்கும் அளவைவிட நூற்றுக்கு 30 பங்கிற்குக் குறையாமல் மிச்சமாகும் என்பது அமைப்பாளரின் கணக்கு. மின்கலங்கள் ஈட்டுவதைக் காட்டிலும் சிக்கனம் ஈட்டுவது மிகுதி.

7. நீர்

கழிப்பிடங்களைச் சுத்தம் செய்வதற்குக் குடிநீர் தேவையில்லை. அதற்கு நகரசபை தூய்மைப்படுத்தி அனுப்பும் பழகிய நீரே பயன்படுமாறு குழாய்கள் அமைக்கப்பட்டன. மீன் காட்சியகத்திற்கு வேண்டிய உப்பு நீர், சில மைல் தொலைவிலுள்ள பசிபிக் கடலிலிருந்து குழாய் வழியே வருகின்றது.

அந்நீரை ஒருமுறை பயன்படுத்தி வெளியே விடுவதில்லை. மீன்களின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகின்றது; இது மீன்களுக்கு நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொருவகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. காற்றில்லாத இடத்தில் வாழும் வேறு சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியிடுகின்றன. வயலிலும் குளத்திலும் இயல்பாக நிகழும் இச்சுழற்சியையே வடிகட்டித் தொட்டிகளில் நிகழச் செய்து, நீரைத் தூய்மையாக்கி மீண்டும் தொட்டிகளுக்கு அனுப்புகின்றனர். நைட்ரஜன் சுழற்சியைப் பாடநூலில் மட்டும் கற்ற மாணவனுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

8. கட்டிடப் பொருள்கள்

ஒரு கட்டிடம் இயங்கும்போது செலவாகும் சக்தியை மட்டும் கணக்கிட்டால் போதாது. எஃகை உருக்கவும், சிமெண்டைச் சுடவும், பழைய கட்டிடத்தை இடித்து அகற்றவும் செலவாகும் சக்தியையும் சேர்த்துக் கணக்கிடல் வேண்டும்.

பழைய கட்டிடங்களை இடித்தபோது கிடைத்த பொருள்களில் நூற்றுக்கு 90 பங்கு மீண்டும் பயன்படுத்தப்பட்டது. 9,000 டன் கான்கிரீட்டு உடைக்கப்பட்டுச் சாலை அமைக்கச் சென்றது. 12,000 டன் எஃகு மறுபடியும் உருக்கப்பட்டது. அடித்தளம் தோண்டியபோது எடுத்த 32,000 டன் மணல், நகரின் மணற்குன்றுகளைச் சீர்ப்படுத்தப் பயன்பட்டது. புதுக் கட்டிடத்தின் எஃகும் பெரும்பாலும் பழைய இரும்பை உருக்கிச் செய்ததே. கான்கிரீட்டில் சிமெண்டின் ஒரு பகுதிக்கு மாற்றாக, அனல்மின் நிலையத்துச் சாம்பலும் இரும்பாலைக் கசடும் சேர்க்கப்பட்டன. பழைய ஆப்பிரிக்கக் கூடத்தின் தோற்றத்தையும் கைவிடாமல் புதுக் கட்டிடத்தில் பேணினர்.

சுவர்களின் வெப்பத் தடுப்பிற்குக் கண்ணாடிப் பஞ்சு இடுவது வழக்கம். இங்கோ ஜீன்ஸ் காற்சட்டைத் துணி நெய்யும் ஆலைகளில் மிஞ்சிய துணுக்குகளைப் பஞ்சாகப் பிரித்து இட்டனர். பருத்தி இழைகளுக்கிடையே சிக்கி அசையாது நிற்கும் காற்று வெப்பத்தைக் கடத்துவதில்லை. தீயும் பூச்சியும் அணுகாதவாறு இதற்குப் போரான் உப்பு சேர்ப்பர். சுவரின் ஒரு பகுதியைத் திறந்து கண்ணாடியிட்டு, உள்ளேயுள்ள பஞ்சைப் பார்வையாளர் காணச் செய்தால் கட்டிடமே காட்சிப் பொருளாகிவிடுமன்றோ? விஞ்ஞானக் காட்சிசாலை அமைப்போர் கருத வேண்டிய முறை இது.

இவ்வனைத்தையும் மதிப்பிட்டு, அமெரிக்காவில் வழங்கும் லீட் என்னும் கட்டிடத் தரச்சான்றின் மிக உயர்ந்த படியான பிளாட்டினம் 2008-இல் இக்கட்டிடத்திற்கு அளிக்கப்பட்டது. கட்டி முடித்தபோது பெறும் சான்று அமைப்பின் தரத்தையே காட்டும். கட்டிடம் நாள்தோறும் எவ்வாறு நடத்தப்படுகின்றது என்பதை ஆராய்ந்து, 2011-இல் இரண்டாம் முறையாகவும் அதே உயர்படி வழங்கப்பட்டது. இரண்டாம் சான்றே அரியது. கட்டியவரின் திறமையோடு பேணுபவரின் ஒழுங்கையும் அது காட்டுகின்றது.

9. நம் நாட்டிற்குப் பொருந்துவதும் பொருந்தாததும்

இக்கட்டிடத்தைக் கண்டு அதன் உருவத்தை அவ்வாறே இங்கு எழுப்ப முயல்வது பயன் தராது. கண்ணாடிச் சுவர் குளிர்ந்த கடற்கரை நகருக்கு ஏற்றது. கடும் வெயிலுள்ள சமவெளியில் அஃது உலையாகிவிடும். அங்கு மழை குளிர்காலத்தில் பரவலாகப் பெய்கின்றது. இங்குப் பருவமழை சில நாட்களில் கொட்டித் தீர்ப்பதால் 6 அங்குல மண் விரைவில் நிறைந்துவிடும். கோடையில் கூரைச் செடிகளுக்கு நீர் பாய்ச்ச வேண்டுமெனில், குடிக்க நீரற்ற ஊரில் அது பொருந்துமா என்பதையும் எண்ண வேண்டும். தவிர, ஏறத்தாழ 50 கோடி டாலர் செலவில் எழுந்த கட்டிடம் அது என்பதையும் மறத்தலாகாது.

பொருந்துவது அதன் முறையே. முதலில் அவ்விடத்தின் வெயில், காற்று, மழை, மண் ஆகியவற்றை ஆராய்க. பின் உருவத்தை அமைக்க. மத்திய அரசு 2007-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட சக்திச் சேமிப்புக் கட்டிட விதிகள் இந்தியாவை வெப்பமும் வறட்சியும் உள்ளது, வெம்மையும் ஈரமும் உள்ளது, கலப்பு நிலை, மிதமானது, குளிர்ந்தது என ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்துள்ளன. 1978-இல் நிறுவப்பெற்ற தேசிய விஞ்ஞானக் காட்சிசாலைகள் குழுவின் நிலையங்கள் இம்மண்டலங்கள் பலவற்றிலும் பரவியுள்ளன. கல்கத்தாவிற்கு ஏற்ற கட்டிடம் டில்லிக்கு ஏற்றதன்று. டில்லிக்கு ஏற்றது பெங்களூருக்கு வேண்டுவதில்லை. வறண்ட வெப்ப நாட்டில் தடித்த சுவரும் சிறு சாளரமும் முற்றமும் நலம் தரும். ஈரமிகு கடற்கரையில் குறுக்குக் காற்றோட்டமும் அகன்ற தாழ்வாரமும் நலம் தரும். நம் முன்னோர் இவற்றைப் பட்டறிவால் கண்டிருந்தனர். அப்பட்டறிவை அளவுகளோடு சோதித்துப் புதிய கட்டிடங்களில் கையாள்வதே இன்றைய பணி.

10. செய்முறைப் பயிற்சிகள்

(அ) ஒரே அளவுள்ள இரு தகரப் பெட்டிகளை எடுத்துக்கொள்க. ஒன்றின்மேல் சாக்கை விரித்து 5 சென்டிமீட்டர் ஈர மண்ணும் புல்லும் இடுக. மற்றதை வெறுமனே விடுக. இரண்டினுள்ளும் வெப்பமானியை வைத்துக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மணிக்கொருமுறை குறித்து, வரைபடம் வரைக. உச்ச வெப்பம் எதில் குறைவு என்பதோடு, எதில் தாமதமாக வருகின்றது என்பதையும் நோக்குக.

(ஆ) பள்ளிக் கூரையின் நீள அகலங்களை அளந்து பரப்பைக் காண்க. உள்ளூர் மழையளவைக் கொண்டு ஆண்டில் அதில் விழும் நீரை லிட்டரில் கணக்கிடுக. அந்நீர் இப்போது எங்கே செல்கின்றது என்பதை நேரில் சென்று கண்டறிக.

(இ) ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி வகுப்பறையின் கதவு, சாளரம், கூரையடி ஆகிய இடங்களில் பிடித்துப் புகை செல்லும் திசையைக் குறிக்க. மேலே திறப்பு உள்ள அறைக்கும் இல்லாத அறைக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.

(ஈ) நண்பகலில் வகுப்பறை விளக்குகளை அணைத்து, எந்த வரிசை வரை புத்தகம் படிக்க முடிகின்றது என்று காண்க. சுவருக்கு வெள்ளையடிப்பதாலோ சாளரத்தை மறைக்கும் அலமாரியை நகர்த்துவதாலோ எத்தனை விளக்குகளைக் குறைக்கலாம் என்பதைக் கூறுக.

11. வினாக்கள்

1. காட்சிசாலைக் கட்டிடத்தில் எந்த அறைகளுக்கு இயந்திரக் குளிரூட்டல் இன்றியமையாதது? ஏன்?

2. 2,13,000 யூனிட் என்பது மொத்தத் தேவையில் நூற்றுக்கு 5 பங்காயின், கட்டிடத்தின் ஆண்டுத் தேவை எவ்வளவு? அதில் நூற்றுக்கு 10 பங்கு சேமித்தால் கிடைப்பதையும் சூரிய மின்கலங்கள் தருவதையும் ஒப்பிடுக.

3. தேங்காய் நார்த் தட்டுகளுக்கு மாற்றாகப் பிளாஸ்டிக் தட்டுகளை இட்டிருந்தால் விளையும் நன்மை தீமைகள் யாவை?

4. 1906-ஆம் ஆண்டுத் தீயில் மூலமாதிரிகள் பிழைத்தமைக்குக் காரணம் என்ன? நும் பள்ளியின் அல்லது அலுவலகத்தின் பதிவேடுகளுள் முதலில் காக்க வேண்டியவை எவை? அவை இன்று எங்கே, எவ்வாறு வைக்கப்பட்டுள்ளன?

5. நும் ஊர் எந்தத் தட்பவெப்ப மண்டலத்தைச் சார்ந்தது? அங்கு ஒரு சிறு விஞ்ஞானக் கூடம் எழுப்ப வேண்டுமெனில், ஸான் பிரான்ஸிஸ்கோ கட்டிடத்தின் எம்முறைகளைக் கொள்வீர், எவற்றைத் தள்ளுவீர்? காரணங் காட்டுக.